பழைய வண்டி கிளப்பை யார் நடத்துவது? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

"கிளப்ல அறுபது பேர் இருக்கோம். வேலை பாக்கறது நாலு பேர்தான். கமிட்டி போடலாமா, பதிவு பண்ணிடலாமா, இல்ல இப்படியே ஓட்டலாமா?"

பழைய பைக் வைத்திருப்பவர்களின் கிளப்புகளில் இந்தக் கேள்வி எப்போது வரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிளப் ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஆரம்பித்தவர் களைத்துப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கு முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒன்பது பேர் வந்திருப்பார்கள். அன்று ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக ஒரு மெசேஜ் விழும். மறுநாள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்.

அந்த யோசனைகளை எல்லாம் சலித்தால் நான்கு வழிகள்தான் மிஞ்சும். ஆரம்பித்தவரே தொடர்ந்து நடத்துவது. சங்கமாகப் பதிவு செய்து கமிட்டியைத் தேர்ந்தெடுப்பது. மாதம் ஒருவர் என்று முறை வைத்துச் செய்வது. கம்பெனி அல்லது டீலரின் நிழலில் போய் உட்கார்ந்துகொள்வது.

எந்த கிளப்புக்கும் பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் பழைய ஜாவா, யெஸ்டி பைக் கிளப்பையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மைசூரில் இந்த வண்டிகளைச் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996ல் மூடப்பட்டது. 2018ல் ஜாவா என்ற பெயரும் 2022ல் யெஸ்டி என்ற பெயரும் புது வண்டிகளோடு திரும்பி வந்தன. ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வண்டிகள். அவற்றின் ஸ்பேர் பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆகாது. ஆக, பழைய வண்டிக்காரருக்கு இன்னொரு பழைய வண்டிக்காரர்தான் கதி. பிஸ்டன் ரிங் எங்கே கிடைக்கும், சைலன்ஸரை யார் நன்றாகச் செய்து தருவார், ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் செட்டை எப்படி வைப்பது, இதெல்லாம் ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. உதைக்கிற லீவரே கியர் லீவராகவும் இருக்கும் வண்டி அது. அப்பா ஓட்டிய வண்டியைத் தூசி தட்டி எடுத்து வரும் பையனுக்கு அதைக்கூட யாராவது பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க வேண்டும். இங்கே கிளப் என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. கிளப் கலைந்தால் பல வண்டிகள் நின்றுவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

எது ஜனநாயகம், எது சர்வாதிகாரம் என்று பேச ஆரம்பித்தால் விடியற்காலை வரை பேசலாம். நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

வேலை எத்தனை கைகளில் இருக்கிறது? உறுப்பினர் கணக்கு வேண்டாம். கடந்த ஆறு மாதத்தில் கிளப்புக்காக ஒரு வேலையை எடுத்து முடித்துக் கொடுத்தவர்களின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். மாதக் கூட்டத்துக்கு இடம் பார்த்தவர், ரைடில் முன்னால் போனவர், கடைசி வண்டியாக வந்து நின்றுபோனவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தவர், ஸ்பேர் ஆர்டரைத் திரட்டியவர், கணக்கு எழுதியவர். லைக் போட்டவரையும் "சூப்பர் அண்ணா" சொன்னவரையும் சேர்க்காதீர்கள்.

காசும் சாமானும் யார் பெயரில், யார் வீட்டில்? ரைடுக்குத் தலைக்கு இருநூறு வசூலித்து அன்றே டிபனுக்குச் செலவழிப்பது ஒரு ரகம். முப்பது ஜோடி சைலன்ஸருக்கு முன்பணம் வாங்கி மூன்று மாதம் கையில் வைத்திருப்பது வேறு ரகம். சில சாமான்களை மொத்தமாகச் சொன்னால்தான் பட்டறைக்காரர் அதற்கான டை (அச்சு) போடவே சம்மதிப்பார் என்பதால், இரண்டாவது ரகம் எந்தப் பழைய வண்டி கிளப்புக்கும் ஒரு நாள் வந்தே தீரும்.

புதிதாக வந்தவர் எவ்வளவு சீக்கிரம் ஏதாவது ஒரு வேலையைத் தொட முடியும்? கூட்டத்துக்கு வந்து ஓரமாக நின்று டீ குடித்துவிட்டுப் போகிறவர், மூன்று முறைக்குப் பிறகு வரமாட்டார். அவர் கையில் ஒரு வேலை இருந்தால் வருவார்.

முக்கியமான ஆள் நாளைக்கே இல்லையென்றால்? சண்டை போட்டுக்கொண்டு போவது மட்டும் இல்லை. துபாய்க்கு மாற்றல், குழந்தை பிறப்பு, உடம்பு சரியில்லாமல் போவது, எல்லாமும்தான்.

ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? விபத்து, தகராறு, காணாமல் போன பணம். இதில் பலர் கவனிக்காத ஒன்று: நம் டூவீலர் இன்சூரன்ஸ் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பகுதி இருக்கும். ஏற்பாடு செய்து நடத்தும் பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் (வண்டியின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டம்) ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் பாலிசி பொருந்தாது என்று அதில் எழுதியிருக்கும். சும்மா சேர்ந்து போவது வேறு. "யார் முதலில் மகாபலிபுரம்?" என்று நேரம் குறித்துக் கோப்பை கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர், வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் இருக்க வேண்டும்.

## வழி 1: ஆரம்பித்தவரே நடத்துவது

இதைக் குறைசொல்வது இப்போது பழக்கமாகிவிட்டது. ஆனால் நன்றாக நடக்கும் பல கிளப்புகள் இப்படித்தான் நடக்கின்றன. முடிவு சட்டென்று வரும். யாரைச் சேர்ப்பது, எந்தப் பேச்சைக் குரூப்பில் நிறுத்துவது என்பதில் ஒரே கை இருப்பதால் கிளப்புக்கு ஒரு குணம் வாய்க்கும். வண்டியும் அவருக்கு அத்துப்படியாக இருந்தால் புது ஆளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மறைமுகச் செலவு வேறு இடத்தில் ஏறிக்கொண்டே போகும். வசூலெல்லாம் அவருடைய சேமிப்புக் கணக்குக்கே யுபிஐயில் போகிறது. ஸ்பேர் பெட்டி அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில். எந்த சாமானுக்கு யார் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது அவர் போனில். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தக் கணக்கில் இருக்கும் பணம் சட்டப்படி அவர் வாரிசுகளுக்குப் போகும். துக்க வீட்டில் போய், "அக்கா, அதுல எங்க சைலன்ஸர் காசு இருக்கு" என்று யார் கேட்பது?

வாட்ஸ்அப்பின் அமைப்பும் இந்த வழிக்கே சாதகம். குரூப்பை உருவாக்கியவரை வேறு எந்த அட்மினும் நீக்க முடியாது. அவராக வெளியேறினால்தான் உண்டு. அட்மின்கள் எல்லோரும் வெளியேறிவிட்டால் மீதி இருப்பவர்களில் யாரோ ஒருவர் தானாக அட்மின் ஆகிவிடுவார். அது நேற்று சேர்ந்தவராகக்கூட இருக்கலாம்.

இன்னொரு செலவு உறுப்பினர்களின் பழக்கம். எல்லாவற்றையும் ஒருவரே இழுத்துப் போட்டுச் செய்தால் மற்றவர்கள் மெல்ல மெல்லப் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று அவர் நினைப்பார். அவர் யாரையும் தொடவிட மாட்டார் என்று அவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

சண்டை வந்தால் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. தோற்றவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வேறு குரூப் ஆரம்பிப்பார். ஒரே ஊரில் ஒரே வண்டிக்கு மூன்று கிளப் இருந்தால் காரணத்தை விசாரிக்கத் தேவையில்லை.

எப்போது இதுவே சரி: ஆள் இருபது இருபத்தைந்துக்குள், பொதுப் பணம் கையில் தங்குவதில்லை, ஆரம்பித்தவருக்கு இன்னும் ஆசை தீரவில்லை. இந்த நிலையில் கமிட்டி போடுவது வீண் வேலை. இரண்டாவது அட்மின் ஒருவரையும், கணக்கு தெரிந்த இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

## வழி 2: பதிவு பெற்ற சங்கம், தேர்ந்தெடுத்த கமிட்டி

தமிழ்நாட்டில் இதற்கு வழி 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகிய நோக்கங்களுக்கும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. அதன்பின் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிடைப்பது என்ன? சங்கத்தின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து இருந்தால்தான் நகரும் பணம். சாமான் வைக்க அறை வாடகைக்கு எடுத்தால் ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில். காவல் துறைக்கோ கல்லூரி மைதானத்துக்கோ கடிதம் கொடுக்க ஒரு லெட்டர்ஹெட். தலைவர் ஊர் மாறினாலும் இதெல்லாம் அங்கேயே இருக்கும். பணம், சாமான் என்ற அளவுகோலில் இந்த வழிக்குப் பக்கத்தில் மற்ற எதுவும் வர முடியாது.

சில நாடுகளில் இதற்கு இன்னும் கனமான பயன் உண்டு. பிரிட்டனில் பழைய வண்டியின் அசல் பதிவெண்ணைத் திரும்பக் கேட்டு வி765 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கும்போது, அங்கீகாரம் பெற்ற ஓனர்ஸ் கிளப் ஒன்று அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அங்கே கிளப்பின் முத்திரைக்கு அரசாங்கத்தில் மதிப்பு. இங்கே அப்படி இல்லை. 2021ல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி, ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டியை "விஏ" வரிசை எண்ணோடு பதிவு செய்ய உரிமையாளரே விண்ணப்பிக்கிறார். கிளப் சான்றிதழ் கட்டாய ஆவணம் இல்லை. அதுவும் 1978ல் வந்த யெஸ்டி ரோட்கிங் மாடலுக்கு 2028 வரை அந்தப் பேச்சே எழாது. "பதிவு பண்ணிட்டா ஆர்டிஓவில் மதிப்பாங்க" என்று யாராவது சொன்னால் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி செலவு. பதிவுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. ஒவ்வொரு வருஷமும் தொடர்ந்து வரும் வேலைதான் பெரிது. பொதுக்குழு கூட்ட வேண்டும், தீர்மானப் புத்தகம் எழுத வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷம் விட்டுவிட்டால் அபராதத்தோடு சேர்த்து மொத்தமாகச் செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்யப் போகிறவர் யார்? பழைய நாலு பேரில் ஒருவர்தான். ஏற்கெனவே மூச்சுவாங்கும் ஆளின் தலையில் ஒரு ஃபைலையும் ஏற்றி வைக்கிறோம்.

தேர்தலால் புதுக் கைகள் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் காத்திருக்கிறது. பதவிக்கு நிற்க ஆள் வரும். துணைத் தலைவர், இணைச் செயலாளர், கௌரவ ஆலோசகர் என்று பெயர்ப் பலகை நீளும். காலை ஐந்தரைக்கு வந்து வண்டிகளை வரிசையாக நிறுத்த ஆள் வராது. ஆண்டுச் சந்தா வந்த பிறகு இன்னொன்றும் நடக்கும். "ஐநூறு ரூபா கட்டியிருக்கேன், டீ ஷர்ட் எங்க?" என்ற கேள்வி வரும். கூட வேலை செய்ய வேண்டியவர் வாடிக்கையாளர் ஆகிவிடுவார்.

விதி எழுதும்போது கவனிக்காவிட்டால் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. "ஜாவா அல்லது யெஸ்டி வாகனம் சொந்தமாக உள்ளவரே உறுப்பினர்" என்று எழுதிவிடுவார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அப்புறம் பார்த்தால் நாற்பது வருஷமாக இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குக்குச் சொந்த வண்டி கிடையாது. ஆர்.சி. அப்பா பெயரில் இருப்பதால் பையன் வெளியே. கஷ்டத்தில் வண்டியை விற்ற பழைய உறுப்பினரும் வெளியே. கிளப்புக்கு மிகவும் வேண்டியவர்கள் இந்த மூவரும்தான். துணை விதியில் "ஆர்வலர் உறுப்பினர்" என்று ஒரு வகையை ஓட்டுரிமையோடு சேர்த்துவிடுங்கள்.

எப்போது இதுவே சரி: பொதுப் பணமோ சாமானோ வருஷம் முழுவதும் கையிருப்பில் இருக்கிறது, சொந்த இடம், கருவிகள் வாங்கும் யோசனை இருக்கிறது, காகித வேலையை விரும்பிச் செய்யும் இரண்டு பேராவது இருக்கிறார்கள். மூன்றாவதை மறந்துவிட்டுப் பதிவு செய்யும் சங்கம் காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கும்.

## வழி 3: முறை வைத்துச் செய்வது

கோயில் திருவிழாவில் மண்டகப்படி எப்படி நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். பத்து நாள் உற்சவத்தை ஒருவரே தாங்குவதில்லை. இன்ன நாள் இன்ன குடும்பம், இன்ன தெரு என்று பிரிந்திருக்கும். அவரவர் நாளில் அவரவர் பொறுப்பு. கிளப்பையும் இப்படி நடத்தலாம்: பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு முறைகாரர்கள். அந்த மாதக் கூட்டம், ரைடு, டிபன், போட்டோ எல்லாம் அவர் பாடு.

ஆள் சேர்ப்பதில் நான்கு வழிகளில் எனக்கு இதுதான் பிடித்தது. காரணம் எளிது. "யாராவது பாத்துக்கங்கப்பா" என்று அறுபது பேரிடம் சொன்னால் அறுபது பேரும் அடுத்தவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். "அண்ணா, மார்ச் மாசம் உங்களோடது. திருப்போரூர் பக்கம் முப்பது வண்டி நிக்கிற மாதிரி ஒரு டிபன் கடை சனிக்கிழமைக்குள்ள பாத்துச் சொல்றீங்களா?" என்று ஒருவரிடம் கேட்டால் அவர் போய்ப் பார்ப்பார். வேலை சின்னது, நாள் குறித்தாயிற்று, பேர் சொல்லிக் கேட்டாயிற்று. மறுப்பது கஷ்டம், செய்வது சுலபம். அவர் மாதம் நன்றாக நடந்தால் அடுத்த மாதக்காரர் சும்மா இருக்க மாட்டார், அது மனித சுபாவம்.

முறை வைப்பதில் சில நெளிவு சுளிவுகள் உண்டு. தனி ஆளாக விடாமல் இருவராக விடுங்கள்: ஒருவர் பழையவர், ஒருவர் இந்த வருஷம் வந்தவர். புது ஆள் வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மாதங்கள் எல்லாம் சமம் இல்லை என்பதும் கணக்கில் இருக்க வேண்டும். மே மாத வெயிலும் சென்னைப் பக்கத்து நவம்பர் மழையும் யாருக்கும் வேண்டாம்; அந்த மாதங்களில் ரைடை விட்டுவிட்டு யாராவது ஒருவர் வீட்டு ஷெட்டில் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டிக் காட்டும் காலை என்று வைத்துக்கொள்ளலாம். ஜூலை நேர்மாறு. ஜூலை இரண்டாவது ஞாயிறு சர்வதேச ஜாவா யெஸ்டி தினம் என்பதால் வழக்கமாக வராதவர்களும் வண்டியை எடுப்பார்கள். அந்த மாதத்தை ஒரு ஜோடியால் தாங்க முடியாது. நாலு பேராவது வேண்டும்.

இந்த வழியின் பெரிய ஆபத்து அறிவு சமமாக இல்லாதது. ஒரு முறைகாரர் ஆசையாகக் கொல்லிமலைக்குத் திட்டம் போடுவார். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், போட்டோவுக்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஐம்பது வருஷத்து டிரம் பிரேக்கோடு இறங்கும்போது என்ன நடக்கும்? டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங் (திராட்டிலை விட்டதும் இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிப்பது) குறைவு, பாரமெல்லாம் பிரேக் ஷூ மேல்தான். அதோடு பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஓட்டும் வண்டியில் திராட்டிலை மூடிக்கொண்டு நீண்ட இறக்கம் இறங்கினால் இன்ஜினுக்கு ஆயிலும் குறைவாகத்தான் போகும். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இது தெரியாத முறைகாரர் தப்பானவர் இல்லை, தெரியாதவர். அதனால் முறை வைத்தாலும் வண்டி விஷயத்தில் "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தோடு ஒரு மூத்தவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். வழித்தடத்தை அறிவிக்கும் முன் அவரிடம் காட்டிவிட வேண்டும். மலைக்கே போகக்கூடாது என்பதில்லை. யார் வண்டி போகலாம், எங்கே நின்று ஆறவிட வேண்டும் என்பதை அவர் சொல்வார்.

பணத்தையும் முறையில் விடாதீர்கள். மாதாமாதம் வசூல் வெவ்வேறு ஜிபே நம்பருக்குப் போனால் ஆறு மாதத்தில் கணக்கு யாருக்கும் புரியாது. பொருளாளர் ஒருவர், வருஷம் முழுவதும் அவரே. ஒவ்வொரு மாதமும் வரவு செலவைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட வேண்டும்.

சண்டை வந்தால் இந்த வழி பலவீனமானது. இந்த மாதக்காரருக்கு அடுத்த மாதம் அதிகாரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் கசப்பான முடிவை யாரும் எடுக்க மாட்டார்கள். குடித்துவிட்டு ரைடுக்கு வந்தவரை அடுத்த முறை வராதே என்று சொல்வது யார்? மூன்று பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவை இதற்கென்றே வைக்க வேண்டும். வருஷத்தில் ஒரு தடவை வேலை வந்தாலே அதிகம், ஆனால் அந்த ஒரு தடவைக்கு அது வேண்டும்.

எப்போது இதுவே சரி: ஆள் முப்பதிலிருந்து எழுபதுக்குள், தாளில் எழுதிய பெயர்கள் எட்டையாவது தொடுகின்றன, பணம் வந்த வேகத்தில் செலவாகிவிடுகிறது. எட்டுக்குக் கீழே என்றால் மாதம் மாதம் வேண்டாம், இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். காலியான மாதங்கள் இரண்டு மூன்று தொடர்ந்து வந்தால் முறையே செத்துவிடும்.

## வழி 4: கம்பெனி அல்லது டீலர் நிழலில்

மைசூர் வண்டிகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. இப்போதைய ஷோரூம்காரர் புது வண்டி விற்க இருக்கிறார். உங்கள் பழைய வண்டியை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுக்கச் சம்மதிப்பார், அவ்வளவுதான். ராயல் என்ஃபீல்டு மாதிரி இன்னும் விற்பனையில் இருக்கும் வண்டிகளுக்கு நிலைமை வேறு. அங்கே டிபன், டீ ஷர்ட், வழியில் நின்றால் மெக்கானிக் வேன் என்று எல்லாம் வரும். உறுப்பினர் எந்தக் கையையும் காலையும் அசைக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது அதைத்தான். வேலை செய்யத் தேவையில்லாத இடத்தில் வேலை செய்யும் ஆட்கள் உருவாகமாட்டார்கள். ஹார்லி டேவிட்சன் 1983ல் தொடங்கிய ஓனர்ஸ் குரூப்பில் ஒவ்வொரு கிளையையும் உள்ளூர் டீலர்தான் தாங்குகிறார். 2020 செப்டம்பரில் அந்த நிறுவனம் இந்தியாவில் நேரடி உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப்புடன் ஒப்பந்தம் வந்தது. ஆனாலும் இடையில் பல ஊர்களில் ஷோரூம் மூடப்பட்டது. மறைமலைநகர்க்காரர்களுக்கு அங்கே கார் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு 2021ல் உற்பத்தியை நிறுத்த முடிவெடுத்தது நினைவிருக்கும். வியாபார முடிவு உறுப்பினர்களைக் கேட்டு எடுக்கப்படுவதில்லை.

விமர்சனமும் அங்கே அடக்கித்தான் வாசிக்கப்படும். ஸ்பேர் விலை, சர்வீஸ் தரம், ஒரு மாடலில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு, இதையெல்லாம் டீலர் டிபன் வாங்கிக் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்து பேச வாய் வராது.

எப்போது இதுவே சரி: புது வண்டி, வாரண்டி காலம், ஊருக்குப் புதியவர், நாலு பேர் பழக்கம் வேண்டும். சேருங்கள், ரைடு போங்கள். உங்கள் கிளப்பையே அதோடு இணைத்துவிடாதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஆரம்பித்தவர் | பதிவுச் சங்கம் | முறை | டீலர் நிழல் |
|---|---|---|---|---|
| வேலை செய்யும் கைகள் | ஒன்றிரண்டு | நாலைந்து. பதவி மட்டும் அதிகம் | பத்துக்கு மேல் போகலாம் | சம்பள ஆட்கள் |
| பணம், சாமான் | தனி ஆள் பெயரில் | சங்கத்தின் பெயரில் | பொருளாளர் இல்லாவிட்டால் குழப்பம் | டீலர் கையில் |
| புது ஆள் உள்ளே வர | ஆரம்பித்தவர் மனம் வைத்தால் | சந்தா கட்டினால் சேரலாம், வேலை கிடைப்பது தாமதம் | முதல் வருஷத்திலேயே | சுலபம், பார்வையாளராக |
| முக்கிய ஆள் போனால் | நின்றுவிடலாம் | தொடரும், மந்தமாக | ஒரு மாதம் தடுமாறும் | டீலர் போனால் எல்லாம் போகும் |
| தகராறு, விபத்து | ஒரே தீர்ப்பு | விதி உண்டு, கோஷ்டியும் உண்டு | தனிக் குழு தேவை | நிறுவனம் தன்னைப் பார்த்துக்கொள்ளும் |
| ஆண்டுதோறும் காகித வேலை | இல்லை | நிறைய | கொஞ்சம் | இல்லை |

## அறுபது பேர், நாலு பேர் வேலை: என்ன செய்யலாம்?

தொடக்கத்தில் வந்த கேள்விக்கு என் பதில்: பதிவை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள், முறையை இப்போதே ஆரம்பியுங்கள். பதிவு செய்தால் பணத்துக்கு ஒரு பூட்டு கிடைக்கும். கூடுதல் கைகள் கிடைக்காது. உங்கள் பிரச்சினை இப்போது கைகள். முறை ஒரு வருஷம் ஓடினால் யார் வேலை செய்வார்கள் என்று தெரிந்துவிடும். அவர்களில் ஏழு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பிறகு பதிவு செய்தால் அந்தக் கமிட்டிக்கு உயிர் இருக்கும்.

விதிவிலக்கு ஒன்று. இப்போதே ஒருவர் கணக்கில் மற்றவர்களின் ஸ்பேர் பணம் லட்சத்தை நெருங்கிக் கிடக்கிறது என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பதிவு, அப்புறம் முறை. அதுவரை புது ஆர்டர் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமானால் பணத்தை ஒவ்வொருவரும் நேராகப் பட்டறைக்காரருக்கே அனுப்பட்டும்.

ஆரம்பித்தவரை என்ன செய்வது என்று பலர் தயங்குகிறார்கள். அவரை மாலை போட்டு ஓரமாக உட்கார வைக்கத் தேவையில்லை. வண்டி விஷயத்தில் "வேண்டாம்" சொல்லும் அந்த மூத்தவர் வேலை பெரும்பாலும் அவருக்கே பொருந்தும். அவருக்கு உண்மையில் பிடித்ததும் அதுதான். டிபன் கடைக்குப் போன் போடுவது அவருக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. ஆனால் மாதக் கூட்டத்தை வேறொருவர் நடத்தும்போது அவர் நடுவில் புகுந்து திருத்தக்கூடாது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். முறைகாரர் தேர்ந்தெடுத்த கடையில் சட்னி மோசம் என்றால் மோசமாகவே இருக்கட்டும்.

கைமாற்றும்போது ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். குரூப் அட்மின்கள் யார், முகநூல் பக்கத்தின் பாஸ்வேர்ட் யாரிடம், பொதுப் பணம் எவ்வளவு, எந்த ஸ்பேர் யார் வீட்டில் எத்தனை, யாருக்கு என்ன தர வேண்டும், பட்டறைக்காரர், லேத்காரர், மெக்கானிக் ஆகியோரின் போன் நம்பர்கள். மூன்று பேரிடம் பிரதி இருக்கட்டும். கணக்கை மார்ச் 31ல் முடித்து ஏப்ரலில் இருந்து முறையை ஆரம்பித்தால், பின்னால் பதிவு செய்ய நேரும்போது ஆடிட்டரிடம் கொடுக்கச் சுத்தமான ஒரு வருஷக் கணக்கு கையில் இருக்கும். முதல் முறையாக ஏப்ரலை எடுத்துக்கொள்ள, அந்த நாலு பேரில் இல்லாத ஒருவரைக் கேளுங்கள்.